மூன்றாவது வளைவு

எங்கள் தோட்டத்திலிருந்து ராகலைக்கு இறங்கும் காலை பஸ்ஸின் நடத்துநர் ஒல்லியானவர். காதை மூடிய கம்பளித் தொப்பியோடு, டிரைவரிடம் தினமும் கால்பந்து வாதம்.

"நேத்து அந்தக் கோலப் பாத்தியா? வல கிழியாததுதான் பாக்கி," என்பார் டிரைவர்.

"அது கால் பலம்ணே. ஆளு போய்ச் சேராத எடத்துக்கு முன்னாடியே பந்த அனுப்புனான் பாருங்க, அதுதான் அழகு."

உயர்தரப் பரீட்சையின் முதல் நாள், பஸ் கிளம்பிய பிறகுதான் அடையாள அட்டையை லயத்து வீட்டில் விட்டுவந்தது தெரிந்தது. போனில் அழுதேன்.

"எந்த வளைவுக்கிட்ட வர்றீங்க?" என்று மட்டும் கேட்டு அம்மா வைத்துவிட்டார்.

ரோடு மலையைச் சுற்றி இறங்கியது. அம்மா தேயிலைக்குள் நேராக இறங்கியிருந்தார். மூன்றாவது வளைவில் அட்டையை நீட்டியபடி நின்றார். டிரைவர் வேகத்தைக் குறைக்க, நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடியே அதை வாங்கி என்னிடம் தந்தார்.

சில மாதங்கள் கழித்து பரீட்சை முடிவு வந்தது. மூன்று பாடங்களிலும் 'ஏ' சித்தி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் நடத்துநரிடம் சொன்னேன்.

"சந்தோஷம் பாப்பா," என்றவர் டிரைவர் பக்கம் திரும்பிவிட்டார். "ரெண்டாவது வளைவுக்கு வந்திருந்தா அந்தம்மா பஸ்ஸ விட்டிருப்பாங்கண்ணே. யோசிச்சு மூணாவதுக்கு எறங்குனாங்க பாருங்க."

என் பரீட்சை முடிவைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. ராகலை வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

இப்போது அந்த நடத்துநர் அந்த பஸ்ஸில் இல்லை. பல்கலைக்கழக விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மூன்றாவது வளைவில் தலையை நீட்டி மேலே பார்க்கிறேன். தேயிலைக்குள் அம்மா இறங்கிய அந்தச் சரிவு சுவர் மாதிரி நிற்கிறது. அன்று பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.