காலி இடத்தில் என் கார்

ஒரகடம் தாண்டி, தளும்பும் ஏரியின் ஓரம் ஒரு டீக்கடை. ஷிப்ட் முடிந்து வந்தவர்களின் பைக்குகள் கரைமேல் நெருக்கியடித்து நிற்கின்றன. கரைக்குக் கீழே பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது. வண்டி நிறுத்தக்கூடத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்தபடி என் காரை அங்கே விடுகிறேன்.

அரசாங்கத்தின் வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்காக ஊர் மக்களின் பாரம்பரிய அறிவைக் கேட்டு எழுத வந்திருக்கிறேன். டீ ஆற்றும் அம்மாவிடம் படிவத்தைப் பார்த்து வாசிக்கிறேன்: "வெள்ள அபாயத்தைத் தவிர்க்க மரபுசார் வழிமுறைகள் ஏதேனும் உண்டா?"

"அதெல்லாம் இன்னான்னே தெரியாது சார்."

'இல்லை' என்று டிக் அடிக்கிறேன். தூறிக்கொண்டிருந்த மழை வலுக்கிறது. இரண்டாவது டீ முடிவதற்குள் காலி இடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கார் சக்கரம் பாதி தெரியவில்லை.

"ஐயோ, அது உங்க வண்டியா சார்? ஏரி ரொம்பினா தண்ணி அப்டித்தான் போவும். அங்க யாரும் வண்டி வுட மாட்டாங்க."

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டுகிறேன். "இதைத்தானேம்மா நான் கேட்டேன்?"

"நீங்க இன்னாவோ மரபுன்னீங்க. வண்டிய எங்க வுடறதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்."