கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்கொட்லாந்து வீடு

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒருவன் கொட்டாஞ்சேனையில் வீடு கட்டினான். தேயிலை ஏற்றுமதி செய்தவன் என்பார்கள். அவனுடைய ஊரில் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே கட்டினான். கருங்கல் சுவர், சின்ன ஜன்னல், கூடத்தில் குளிர்காய ஓர் அடுப்பு, மேலே புகைபோக்கி. கொட்டாஞ்சேனையில் குளிர்காய அடுப்பு! இங்கே மார்கழியிலும் முதுகில் வேர்வை ஓடும்.

அவன் போன பிறகு அரிசி வியாபாரி ஒருவர் மூட்டை அடுக்கினார். பிறகு லொட்ஜ். வடக்கில் சண்டை நடந்த காலம். வெளிநாடு போக வந்த சனம் நெருக்கிப் படுத்துக்கொண்டு, ஏஜென்சிக்காரன் வருவான் என்று வாசலைப் பார்த்துக் கிடந்தது. அதற்குப் பிறகு மலர்ச்சாலை. பிணத்தைக் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்து, சனம் வந்து பார்க்கும் இடத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். நான் அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிணவண்டி ஓட்டினேன். பெட்டியின் தலைமாட்டை அடுப்புப் பக்கம் வைப்போம். ஊதுபத்திப் புகை மேலே போய்விடும். அடுப்பால் ஏதும் பிரயோசனம் இருந்தது அப்போதுதான்.

முதலாளி செத்தார். அவரையும் அங்கேதான் வைத்தோம். மகன் ஏசி பூட்டி, வெள்ளை அடித்து, அதைக் கல்யாண மண்டபம் ஆக்கினான். பைபரில் செய்த மான் தலை ஒன்றை அடுப்புக்கு மேலே மாட்டினான். வாசல் காவலாளிக்குக் கட்டம் போட்ட பாவாடை உடுத்திவிட்டான். ஸ்கொட்லாந்து உடுப்பாம். அந்த மனுசன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாரத்திலும் கட்டம்தான் இருந்தது. உள்ளே ஒரு பலகையில் வீட்டின் வரலாறு. வெள்ளைக்காரன் கட்டினான், இன்று நீங்கள் கல்யாணம் செய்கிறீர்கள். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை.

வேலை போனது. த்ரீவீல் ஓட்டத் தொடங்கினேன்.

என் மகள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வெள்ளவத்தைப் பையனை விரும்பினாள். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பையன் பிடிவாதமாக நின்றதால் இறங்கி வந்தார்கள். இறங்கி வந்ததை ஒவ்வொரு தரமும் காட்டினார்கள். கொடுத்த தேத்தண்ணியைப் பாதியில் வைப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் பையனின் அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

“உங்களை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு.”

“த்ரீவீல் ஓட்டுறேன். ரோட்டுல கண்டிருப்பீங்க.”

அவருடைய மனைவி இடையில் புகுந்தார். “ஹோல் நாங்கள் பாத்திட்டம். கொட்டாஞ்சேனையிலதான். வெள்ளைக்காரன்ட வீடு, என்ன வடிவு தெரியுமே! எங்கட பக்க ஹோலுகளில ஏசி எண்டு ஓமம் வளர்க்க விடுறாங்கள் இல்லை. இங்க சிம்னி இருக்கு, புகை போயிடும்.”

புகை போகும். எனக்குத் தெரியாதா.

மகள் என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனாள்.

“அப்பா, அது என்ன இடம்னு தெரிஞ்சா கல்யாணமே வேணாம்னு எழும்பிப் போயிருவாங்க. ப்ளீஸ், வாயத் திறக்காதீங்க.”

“பொணம் வச்ச எடத்துலயா நீ உக்காரப்போற?”

“எங்க உக்காந்தா என்னப்பா. அவரு பக்கத்துல இருந்தாப் போதும்.”

நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று அடுப்புக்கு முன்னால் மணவறை. ஐயர் ஓமத்தில் நெய் விட்டார். புகை நேராக மேலே போனது. நான் வெள்ளைச் சட்டையோடு கூடத்து வாசலில் நின்றேன். பையனின் அப்பா என்னைப் பார்த்தார். முகம் மாறியது. கிட்ட வந்து, கையைப் பிடித்து, சமையல்காரர்கள் நின்ற பக்கம் கூட்டிப் போனார்.

“இப்பதான் ஞாபகம் வந்தது. எங்கட அம்மாவைக் கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனது நீங்கள்தானே?”

“இருக்கும். நிறையப் பேரக் கொண்டுபோனேன்.”

“அப்ப உங்களுக்கு இந்த இடம் தெரியும்.”

“உங்களுக்கும் தெரியும்.”

அவர் தரையைப் பார்த்தார். “ஃபிளாட் லிஃப்டில பெட்டி ஏறாது. அதான் இங்க வச்சனாங்கள். கல்யாணத்துக்கு இந்த நாளில வேற ஹோல் கிடைக்கேல்லை. தெரிஞ்சா நீங்கள் பொம்பிளையைத் தரமாட்டியள் எண்டு பயந்துதான் சொல்லேல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போன மனுசன் என்னிடம் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

“மற்றது, என்ட தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது. அம்மா செத்த நேரம் அவளுக்குக் கனடாவில பேப்பர் இல்லை, வரேலாமப் போச்சு. அம்மாவை எங்க வச்சது எண்டு அவள் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. இந்தச் செலவு முழுக்க அவள்தான். தெரிஞ்சா எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவாள். சொல்லிப்போடாதேங்கோ.”

கையை உருவிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தத் தங்கச்சி பலகையைப் படித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

“அண்ணை, நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்தானே? வெள்ளைக்காரன் போன பிறகு இங்க என்ன இருந்தது? இதில ஒண்டும் எழுதேல்லை.”

அவருக்குப் பின்னால் அண்ணன்காரர் நின்றார். மணவறையிலிருந்து மகள் என்னையே பார்த்தாள்.

“அரிசி வச்சிருந்தாங்க. பொறகு லொட்ஜ்.”

“பிறகு?”

“பொறகு சும்மா கெடந்துச்சு.”

கெட்டிமேளம் கொட்டியது. அவர் ஓடிப்போய் அரிசி எறிந்தார். என் மகள் கழுத்தில் தாலி ஏறியது.

சனம் சாப்பிடப் போன பிறகு, அந்தத் தங்கச்சி அடுப்புப் பக்கம் போய், அண்ணனைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். கமராக்காரன் ஆயத்தமானபோது அவருக்குக் கண் கலங்கியது.

“அம்மா இருந்திருக்கவேணும் அண்ணா.”

“படம் எடுக்கேக்க அழாத. முகம் வீங்கினமாதிரி விழும்” என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார்.

பிறகு என்னைப் பார்த்துக் கை காட்டினார். “சம்மந்தி, நீங்களும் வந்து நில்லுங்கோ.”

அதுவரை அவர் என்னைச் சம்மந்தி என்று கூப்பிட்டதில்லை. மகள் மணவறையை விட்டு இறங்கி எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போய் நின்றேன்.