தட்சிணாமூர்த்திக்குக் கிடைத்த கனடிய அனுபவம்

டொராண்டோவில் வேலை போனவர்கள் இரண்டு வகை. வேலை போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் ஒரு வகை. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னொரு வகை. மாயவரம் தட்சிணாமூர்த்தி, பி.ஈ., இரண்டாவது வகை. அதிலும் டை முடிச்சு சரியாக விழவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுகிற ரகம்.

எழுபத்து நாலாம் வருஷம் கனடாவுக்கு வந்தார். விமானத்துக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மனைவி சியாமளாவும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்கள். பார்க்டேலில் ஏரி தெரியும் அடுக்குமாடி என்று ஊருக்கு எழுதினார். குளியலறை ஜன்னலில் எம்பி நின்றால் ஏரி கொஞ்சம் தெரியத்தான் செய்தது. எழுபத்தாறில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. ஆட்களைக் குறைக்கும்போது கடைசியாக வந்தவர்களை முதலில் அனுப்புவது அங்கே மரபாம். மரபை மதிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லவா, கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் காபி கொடுத்தார்கள், படிப்பைப் பாராட்டினார்கள், கனடிய அனுபவம் போதவில்லை என்றார்கள். ஒரே கம்பெனியில் பார்த்த இரண்டு வருஷம் கணக்கில் சேராதாம். சரி, கடையில் பெட்டி அடுக்கும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டால், இவ்வளவு படித்தவருக்கு அந்த வேலை தருவது மரியாதை இல்லை என்று வருத்தப்பட்டார்கள். அந்த நாட்டில் எல்லோரும் அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதில் குறியாக இருந்தார்கள்.

வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்குவதில் அவருக்குச் சங்கடம் இல்லை. அது தபாலில் வந்தது, உறைக்குள் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அந்தப் பணமும் ஒருநாள் நின்றது. அரிசி டின்னில் சியாமளா கரண்டி போடுகிற சத்தம் அதன் பிறகு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது.

கீழ்மாடியில் அன்னம் என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை. எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவாள். ஒருநாள் மாலை வந்து சியாமளாவிடம் சொன்னாள்.

"பிள்ளை, உந்தச் சந்தியிலை இருக்கிற சேர்ச்சிலை வியாழக்கிழமையிலை சாமான் குடுக்கினம். பருப்பு, மா, பால்பவுடர் எல்லாம் இருக்காம். போய் வாங்குமன். உதுக்கு என்ன வெக்கம்?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்தி எழுந்து வந்தார். "நம்ம குடும்பத்துல யாரும் கை நீட்டிப் பழக்கம் இல்லைங்க. அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்கு."

"ஓம் ஓம். கையை நீட்டாமல் வாயை மட்டும் திறந்தால் சோறு வருமெண்டால் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அன்னம் படியிறங்கிப் போனாள்.

அன்று இரவு தட்டில் சியாமளாவுக்கு மட்டும் ரசம்தான் இருந்தது. வயிறு சரியில்லை என்றாள். அவளுக்கு அந்த மாதம் அடிக்கடி வயிறு சரியில்லாமல் போனது. தட்சிணாமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை தானே போய்விடுவது என்று முடிவு செய்தார். போவார், யாருக்கும் தெரியாமல் வாங்குவார், இன்டர்வியூ முடிந்து வருகிற வழியில் கடைக்குப் போனதாகச் சொல்லிவிடுவார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர். உதவி கேட்கப் போகிற இடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சீப்பு பழமாவது கையில் இருக்க வேண்டும். பழத்துக்கு எங்கே போவது? சமையலறை அலமாரியில் பிரிக்காத ரவைப் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உப்புமாவுக்கு என்று சியாமளா வைத்திருந்தாள். வீட்டில் உணவில்லை என்று சொல்வதற்காக, வீட்டில் மிச்சமிருந்த உணவை எடுத்துக்கொண்டு புறப்பட்ட மனிதர் அந்த நகரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தேவாலயத்தின் பக்கவாட்டில், நிலவறைக்கு இறங்கும் படியில் வரிசை நின்றது. தட்சிணாமூர்த்தி டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். அங்கே சாமான் கொடுப்பதைக் கவனிக்கிற மிஸஸ் பெல்லாமி என்கிற வெள்ளைக்கார அம்மாள் நின்றிருந்தாள். அவளுடைய கண் நேராக ரவைப் பெட்டிமேல் விழுந்தது.

"ஓ! எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு!" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இந்த அக்கம்பக்கத்தில் இந்தியர் ஒருவர் நன்கொடை கொண்டுவருவது இதுதான் முதல் தடவை என்றாள். பெயர் கேட்டாள். பாதிப் பெயர்தான் வாயில் நுழைந்தது. "மிஸ்டர் மூர்த்தி, இன்றைக்கு ஆள் பற்றாக்குறை. ஒருமணி நேரம் உதவ முடியுமா?"

இல்லையம்மா, நான் வாங்க வந்தவன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அவருடைய கழுத்தில் ஏப்ரனை மாட்டி, முதுகுப்பக்கம் முடிச்சும் போட்டுவிட்டாள்.

அந்த ஒருமணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு யாரோ அவரிடம் யோசனை கேட்டார்கள். டப்பாக்களைத் தேதிப்படி அடுக்கலாமே என்றார். அடுக்கினார். பன்றி இறைச்சி டப்பாக்களைச் சைவர் ஆனபடியால் இரண்டு விரலால் தூக்கி வைத்தார். அதையும் ஒரு தொழில்நுட்பம் என்று நினைத்து மிஸஸ் பெல்லாமி பாராட்டினாள். கடைசியில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. தேநீரைக் குடித்தார். பிஸ்கட்டைக் கைக்குட்டையில் மடித்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டார். வீட்டில் ரவைப் பெட்டியைக் காணோம் என்று சியாமளா தேடிக்கொண்டிருந்தாள். எலியாக இருக்கும் என்றார். பெட்டியோடு தூக்கிப்போகிற எலியா என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அன்றைக்குப் பாதிரியார் வந்து கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் வீட்டில் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இப்படியே குளிர்காலம் போயிற்று. வீட்டில் இருந்த சேமிப்பு கரையக் கரையச் சியாமளா இளைத்துக்கொண்டே வந்தாள், தேவாலயத்தில் மிஸ்டர் மூர்த்தியின் புகழ் வளர்ந்துகொண்டே போயிற்று. ஆபீஸ் ஆபீஸாகத் தேடியும் கிடைக்காத கனடிய அனுபவம் கடைசியில் ஒரு நிலவறையில் கிடைத்தது. சம்பளம்தான் இல்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்க ஆரம்பித்தால் மனிதனுக்கு அபிப்பிராயங்கள் முளைக்கும். தட்சிணாமூர்த்திக்கும் முளைத்தன. போன வாரம் வந்த ஆள் இந்த வாரமும் வருகிறானே என்று முகம் சுளித்தார். நல்ல கோட்டுப் போட்டவளுக்கு எதற்கு மாவு என்று முணுமுணுத்தார். உண்மையாகவே இல்லாதவர்கள்தான் வருகிறார்களா என்று பார்க்க வேண்டும், வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவரே யோசனை சொன்னார். வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், புருஷன் என்ன செய்கிறான். மிஸஸ் பெல்லாமி பூரித்துப்போனாள். படித்தவர் படித்தவர்தான் என்றாள்.

பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை அவர் குனிந்து பட்டாணி டப்பாக்களை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மேசைக்கு எதிரே சியாமளா நின்றிருந்தாள்.

சேலைமேல் கோட்டு. கையில் துணிப்பை. அவளும் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். அவருடைய டையைப் பார்த்தாள், ஏப்ரனைப் பார்த்தாள், அதன்மேல் மிஸஸ் பெல்லாமி தன் கையால் நூலில் தைத்துக் கொடுத்திருந்த 'மூர்த்தி' என்ற பெயரைப் பார்த்தாள். தட்சிணாமூர்த்தி ஓடிவிடலாம் என்று பார்த்தால் பின்னால் சுவர்.

"அடடா, உங்கள் ஊர்ப் பெண்!" என்று மிஸஸ் பெல்லாமி பக்கத்தில் வந்து நின்றாள். "பாவம், ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது. மிஸ்டர் மூர்த்தி, நீங்களே உங்கள் பாஷையில் கேளுங்கள்."

சியாமளா மாயவரத்தில் கான்வென்ட் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் போதும், அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் பேசவில்லை. அந்த அளவுக்குத்தான் அவளால் இரக்கம் காட்ட முடிந்தது.

"கேளுங்க" என்றாள் தமிழில்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் அவர், முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு.

"அரிசி டின்னுல ஒண்ணும் இல்ல. பையன் நேத்து ராத்திரி அழுதுக்கிட்டே தூங்கினான். நீங்க இன்டர்வியூவுக்கு என்ன பேசறதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"என்ன சொல்கிறாள்?" என்றாள் மிஸஸ் பெல்லாமி.

"வீட்டில் நாலு பேராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் தட்சிணாமூர்த்தி.

"புருஷன் என்ன செய்கிறானாம்?"

அவர் கேட்கவில்லை. கேட்காமலே சியாமளா பதில் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் புரிந்துவிட்டதை மிஸஸ் பெல்லாமி கவனிக்கவில்லை.

"அவரு பெரிய இஞ்சினியர்னு சொல்லுங்க. வாராவாரம் வியாழக்கிழமை தவறாம இன்டர்வியூவுக்குப் போறார்னு சொல்லுங்க. அஞ்சு மாசமா நான் நம்பிக்கிட்டிருந்தேன்னும் சொல்லுங்க."

"வேலை தேடுகிறாராம்" என்று மொழிபெயர்த்தார்.

மிஸஸ் பெல்லாமி உச்சுக் கொட்டினாள். "மனைவியை வரிசையில் நிற்க விட்டுவிட்டு என்ன வேலை தேடுகிறான்? வெட்கமில்லாதவன். தானே வந்திருக்கலாமே! இந்த மிஸ்டர் மூர்த்தியைப் பார், குளிர்காலம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல் வந்து மற்றவர்களுக்காக உழைக்கிறார். இப்படி ஒருவர் உனக்கு வாய்த்திருக்கக்கூடாதா? மிஸ்டர் மூர்த்தி, இதை அவளுக்குச் சொல்லுங்கள்."

அவர் கையிலிருந்த பட்டாணி டப்பாவை மேசைமேல் வைத்தார். சியாமளாவே பேசினாள். இந்த முறை அவளுடைய குரல் தணிந்திருந்தது.

"அவரு வந்திருக்கார்னு சொல்லுங்க."

தட்சிணாமூர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தார். கழுத்து எலும்பு கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி வைத்தார்கள்.

"அவர் வந்திருக்கிறாராம்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்கே?" மிஸஸ் பெல்லாமி எட்டி வரிசையைப் பார்த்தாள்.

தட்சிணாமூர்த்தி முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சைத் தேடி அவிழ்த்தார். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். மேசையைச் சுற்றி நடந்துபோய் சியாமளாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இங்கே, மேடம்" என்றார்.

மிஸஸ் பெல்லாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. பிறகு அந்த முகத்தில் கருணை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பெட்டியை எடுத்து மாவும் பட்டாணியும் பால்பவுடரும் நிரப்பினாள். அவருடைய யோசனைப்படி தேதி பார்த்து அடுக்கிய வரிசையிலிருந்தே எடுத்தாள். பெட்டியை நீட்டியபோது அவளுடைய ஆங்கிலம் மாறிவிட்டது. காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, உரக்கப் பேசினாள்.

"இது… உணவு. இந்த… டப்பா… திறக்க… தெரியுமா?"

இடது கையில் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றில் வட்டம் போட்டுத் திறந்தும் காட்டினாள்.

தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மேசையைச் சுற்றி வந்ததில் பி.ஈ. போயிற்று, ஆங்கிலம் போயிற்று, டப்பா திறக்கிற அறிவும் போயிற்று.

"என் கணவருக்குத் தெரியும், மேடம்" என்றாள் சியாமளா. வகுப்பில் பாடம் நடத்துகிற அதே சுத்தமான ஆங்கிலம். "இந்த டப்பாக்களை எல்லாம் உங்களுக்கு அடுக்கிக் கொடுத்தவரே அவர்தான். பெயர் தட்சிணாமூர்த்தி. முழுதாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், வாராவாரம் வருவார்."

தட்சிணாமூர்த்தி பெட்டியை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடம் வழி விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, பக்கவாட்டுப் படியில் ஏறினார்.