மீசை ஒடிந்த சிங்கி இறால்

சிங்கி இறாலை உயிரோடு வாங்கி விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்பும் கொட்டகை ஒன்று தொண்ணூறுகளின் கடைசியில் கேரளத்து விழிஞ்ஞத்தில் இருந்தது. ஜெபமலர் அங்கேதான் வேலை பார்த்தாள். குளச்சல்காரி, புருஷன் காய்ச்சலில் போனபிறகு பிழைப்புக்கு இந்தப் பக்கம் வந்தவள். மீனவர்கள் கொண்டுவரும் கூடையைச் சோதித்து, நல்ல இறாலைக் குளிர்ந்த நீரில் முக்கி, அது அசந்ததும் மரத்தூளில் புரட்டிப் பெட்டியில் அடுக்குவாள்.

அந்தத் தொழிலில் மீசைக்குத்தான் மரியாதை. நீண்ட மீசை இரண்டும் முழுசாக இருந்தால்தான் சிங்கப்பூர்ப் பயணம். ஒன்று ஒடிந்தாலும் கழித்துவிடுவார்கள். கழித்ததை மீனவர்கள் திரும்பத் தூக்கிப் போவதில்லை. கூடையைச் சோதித்த பெண்ணுக்கே விட்டுவிடுவது வழக்கம்.

ஞானசிகாமணியும் குளச்சல்தான். நாற்பது வயசு, தனிக்கட்டை, பேச்சில் மகா கஞ்சன். சிங்கி இறால் பாறை இடுக்கில் பதுங்கி மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்டால் வாலைச் சுண்டிப் பின்பக்கமாகவே பாயும். அதை முங்கிப் போய்க் கையால் பிடிக்கிறவர் அவர். கூடையை ஜெபமலரிடம்தான் கொண்டு வைப்பார். வலையில் சிக்கினால் மீசை ஒடிவது நியாயம். கையால் பிடிக்கிற இவர் கூடையில் மட்டும் தினமும் ஒன்று எப்படி ஒடிகிறது? கொட்டகையில் இதை யோசிக்காத ஒரே ஆள் ஜெபமலர்தான். கவனமில்லாத மனுஷன் என்று ஒரு வருஷமாக முணுமுணுத்தாள். அவர் கூடையோடு வரும் நேரத்துக்குத் தலைமுடியைச் சரிசெய்து கொண்டாள் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மானேஜர் நீலகண்டன், நாளைக்கும் ஒடிந்தது வந்தால் இனி அந்த ஆள் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞானசிகாமணி வராத கொட்டகையை நினைக்கவே ஜெபமலருக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் கடற்கரைக்கு இறங்கிப் போய் அவரைப் பிடித்தாள்.

"நாளைக்கு ஒண்ணு ஒடிஞ்சிருந்தாலும் ஒங்க சரக்கு எடுக்க மாட்டாங்களாம். கொஞ்சம் பாத்துப் பிடிக்கப்பிடாதா?"

அவர் காலால் மணலைக் கிண்டினார். "பிடிக்கும்போ ஒடியல்ல. கரைக்கு வந்தப்பறம் நான்தான் ஒடிக்குதேன்."

"எதுக்கு?"

"நல்லதைக் குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. கழிச்சதுன்னா கொண்டு போவீங்க. ஒத்தைக்குப் பொங்கித் தின்னுதீங்க, நல்ல கறி ஒண்ணு இருக்கட்டும்னு வச்சேன்."

ஜெபமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. "எனக்கு சிங்கி ஆவாது. ஒரு துண்டு தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப் போவும். இவ்வளவு நாளும் கூட வேலை செய்யுத உலகம்மைக்குத்தான் குடுத்தேன்."

பாவம், ஒரு வருஷமாக மனுஷன் உலகம்மைக்கு விருந்து வைத்திருக்கிறார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க ஜெபமலருக்குப் பொறுக்கவில்லை. புருஷன் போனபிறகு அவள் தின்றாளா பட்டினி கிடந்தாளா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இந்த ஒரு ஆள்தான் நினைத்திருக்கிறார்.

"அப்போ ஒங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" என்றார் அவர்.

"என்ன கறின்னாலும் செரி. ஒத்தைக்கு இருந்து தின்னத்தான் பிடிக்கல்ல" என்றாள்.

மறுநாள் அவர் கூடையில் எல்லாமே முழு மீசையோடு வந்தன. அன்று சாயங்காலம் ஜெபமலர் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.