கம்பெனி பெயர் பிரித்த சட்டை

தாம்பரத்தில் ரயில் நின்றபோது காலை ஆறு பத்து. நெல்லையிலிருந்து ஸ்லீப்பருக்கு ஆளுக்கு நானூற்றுச் சொச்சம். எனக்குப் பாதித் தூக்கம், என் மனைவி ஜெபமணிக்கு அதுவும் இல்லை. இரவு முழுவதும் செல்போனில் ஒரே படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

படத்தில் இருப்பது அவளுடைய தம்பி தனராஜ். ஒரகடம் மேம்பாலத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு வரைக்கும் தாடி, சடை விழுந்த தலை, தோளில் ஒரு சாக்கு, மடியில் சோற்றுத் தட்டு. ஐந்து வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் படம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை குருவானவர் தன் போனை ஜெபமணியிடம் நீட்டி, "இது உங்க வீட்டு ஆளாம்மா?" என்று கேட்டார். செவ்வாய் இரவு ரயிலேறிவிட்டோம்.

அவன் ஏன் ஊருக்கு வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான். மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு அவன் கிறிஸ்மஸுக்கு வந்து நின்றான். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "இனி வேலையோட வந்தா இந்த வாசல்படிய மிதி. இல்லன்னா வராத" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை என்று முதல் வருஷம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஜெபமணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

6.45. தாம்பரம் மேற்கிலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு நாற்பது ரூபாய், தூரம் பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஜெபமணியின் மடியில் ஒரு துணிப்பை. அதில் தனராஜின் பழைய கைலி, ஒரு சட்டை, அரைக் கிலோ முதலூர் மஸ்கோத் அல்வா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா சார், புள்ள ஃபேக்டரில கீறாரா?"

"மச்சினன்."

"எந்தக் கம்பெனி?"

நான் விழித்தேன். ஜெபமணி பட்டென்று சொன்னாள்: "கம்பெனி இல்ல அண்ணாச்சி. ஒரகடத்துல பாலத்துக்குக் கீழ."

படப்பையில் இறங்கும்போது அவர், "கெட்ச்சுடுவாரும்மா" என்றார்.

7.40, படப்பை. சாலையின் இரு பக்கமும் மனைப்பிரிவுகள், கொடி நட்ட காலி மனைகள், நடுநடுவே புது வீடுகள். அந்த வீடுகளுக்கு மத்தியில் ஒரு சின்ன மாதா கோயில், அதன் பின்னால் தகரக் கொட்டகை. அங்கேதான் சமையல் நடக்கிறது. படத்தை அனுப்பிய ரெஜினா அக்கா எங்களைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். இந்தப் பக்கத்து மண்ணூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், தையல் கற்றுக்கொடுப்பது தொழில். இருபது பேர் சேர்ந்து செய்கிற வேலை இது, கத்தோலிக்கர் பாதி, மற்ற சபைக்காரர்கள் பாதி. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வேனில் சோறு கொண்டுபோய், சாலையோரம் கிடப்பவர்களுக்கும் வேலை போய்ப் பட்டினி கிடக்கிற பையன்களுக்கும் கொடுக்கிறார்கள்.

மூலையில் அரிசி மூட்டை வாயைத் திறந்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது.

"கைப்பிடி அரிசிங்க" என்றார் ரெஜினா அக்கா. "உங்க பக்கத்துப் பசங்கதான் கத்துக் குட்த்தாங்க. உலை வெக்கறப்பலாம் ஒரு பிடி எடுத்துத் தனியா போட்டு வெச்சுடுவாங்க. ரூம்ல நாலு பேரு தங்கிக்கினு சமைக்கிற பசங்க கூட குடுக்கறாங்க. என்ன, பல அரிசியும் ஒண்ணா வேகாது. ஒண்ணு குழையும், ஒண்ணு வெரவெரன்னு நிக்கும். அதான் எப்பவும் சாம்பார் சாதம். நல்லா குழைச்சு வுட்டா யாருக்கும் தெரியாது."

எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அடுப்புக்கு மேலே அந்தப் பானை உண்டு. ஜெபமணி ஒவ்வொரு நாளும் பிடி அரிசி போடுவாள், மாதம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுபோவாள். "ஒரு பிடி அரிசியில எவன் பசி ஆறப் போவுது?" என்று முப்பது வருஷமாகக் கேலி செய்துவந்தவன் நான்.

எங்கள் ஊரை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"மொதல்ல பேர் கேக்க மாட்டேன். உங்க ஊர் கோயில் பேரு இன்னான்னு கேப்பேன். இந்து ஆளுங்கன்னா குலசாமி கோயில் எங்கன்னு கேப்பேன். பேரைப் பொய் சொல்லுவாங்க சார், சாமியை யாரும் பொய் சொல்றதில்ல. உங்க ஆளு சொன்ன கோயிலுக்கே படத்தை அனுப்பிட்டேன்."

10.30. வேன் கிளம்பியது. ஓட்டுநர் குமார் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வண்டி ஓட்டுகிறவர், நடுவில் கிடைக்கும் நேரத்தில் இதை ஓட்டுகிறார். கண்ணாடியில் முருகன் படம் தொங்குகிறது. "வண்டி மாதாவுது, டிரைவர் முருகனுது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படப்பையிலிருந்து ஒரகடம் ஒன்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பதினொன்று பத்து.

பாலத்தின் கீழே நாலு பேர் இருந்தார்கள். தனராஜ் இல்லை. சாக்கு மட்டும் தூண் ஓரத்தில் மடித்துக் கிடந்தது.

"தாடிக்காரனா?" என்றார் அங்கே படுத்திருந்த ஒரு பெரியவர். "அவன் நேத்தே எழுந்து போய்ட்டான்."

"எங்க போனான் ஐயா?"

கையை வீசிக் காட்டினார். அதில் நாலு திசையும் அடங்கியது. ஜெபமணி அந்தச் சாக்கை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு. சும்மா நிற்க முடியாமல், சர்வீஸ் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த டீக்கடைக்கு நான் மட்டும் போனேன்.

பெஞ்சில் ஒரு தொழிலாளி உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை, கண் வரைக்கும் இறக்கிய தொப்பி, மழித்த முகம், ஒடிந்துவிழும் உடம்பு. இந்தப் பக்கம் பத்து ஆளில் எட்டு ஆள் அப்படித்தான் இருக்கிறான். அவனிடம் போனை நீட்டினேன். "தம்பி, இந்த ஆளை எங்கயாவது பாத்தியா?"

படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "தெரியாது சார்" என்றான். சட்டை நுனியால் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "டீ குடிச்சீயளா?" என்று கேட்டான். நம்ம ஊர்ப் பேச்சு. அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, ஒரகடத்தில் பாதி நம்ம ஊர்க்காரன்தான்.

"டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பினேன். அவன் சட்டையில் பாக்கெட்டுக்கு மேலே ஒரு சதுரம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருந்தது. ஒன்றுக்கும் உதவாத இந்த மாதிரிச் சங்கதியெல்லாம் என் கண்ணில் தவறாமல் படும்.

வல்லக்கோட்டையில் முருகன் கோயில் அன்னதானப் பந்தி வரைக்கும் போய்ப் பார்த்தோம். அங்கும் இல்லை. கோயில்காரர் ஒருவர் எங்கள் வேனைப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு இங்க ஆளு கம்மி. சோத்தை ஸ்ரீபெரும்புதூர்ல எறக்கிக்குங்க" என்று ரெஜினா அக்காவிடம் சொன்னார். இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள்.

12.50, ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம். ஒரகடத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். சாம்பார் சாதம் தீர்ந்துகொண்டிருந்தது. ஜெபமணி ஒவ்வொரு தாடிக்காரர் முகத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கொடுத்தாள். கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "செத்துகித்துப் போயிருப்பானோ?" என்றாள்.

அப்போதுதான் ரெஜினா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நேத்து செவ்வாக்கெழம!"

செவ்வாய் சலூன்களுக்கு விடுமுறை. அன்றைக்கு பாபு என்கிற முடிதிருத்துபவர் கத்தரிக்கோலும் சோப்புமாக டிவிஎஸ்ஸில் கிளம்பி, பாலம் பாலமாகப் போய் முடி வெட்டிக் குளிக்க வைப்பாராம். அந்த நாளில் ரெஜினா அக்காவுக்குத் தையல் வகுப்பு, அவர் கூடப் போவதில்லை. உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு, ஒரகடத்துத் தாடியா?" என்றார் பாபு. "நான்தானே மொட்ட அட்ச்சேன்! தலை பூரா பேனு. குளிப்பாட்டி, நீங்க குட்த்த கம்பெனி சட்டையும் தொப்பியும் போட்டுவுட்டேன். மாப்ள மாரி இருந்தாரு."

நல்லது செய்யப் போய் ஆளையே மறைத்துவிட்டார்கள். ஒரகடத்தில் நீலச் சட்டைக்காரனைத் தேடுவது கடலில் உப்பைத் தேடுவது.

"அப்டிலாம் இல்ல சார்" என்றார் ரெஜினா அக்கா. "பழைய யூனிபார்ம் குடுக்கறவங்க கம்பெனி பேரோட யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. நானே ஒக்காந்து பேரைப் பிரிப்பேன். சட்டை வெளுத்திருக்கும், பேர் தெச்ச எடம் மட்டும் வெளுக்காது. பாக்கெட்டு மேல சதுரமா தெரியும்."

டீக்கடைப் பெஞ்சில் நான் பார்த்த அதே கருநீலச் சதுரம். "நான் பாத்தேன்" என்றேன். "அவன்கிட்டயே அவன் படத்தைக் காட்டிக் கேட்டேன். தெரியாதுன்னான்."

ஜெபமணி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "உங்களப் பாத்துப் பயந்திருப்பான்" என்றாள். ஐந்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரே குற்றச்சாட்டு அதுதான்.

குமார் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஓட்டிய விதத்தை முருகன்தான் மன்னிக்க வேண்டும். ஆனாலும் ஒரகடத்தை நெருங்கும்போது மணி இரண்டு, ஷிப்ட் மாறும் நேரம். சாலை நெடுக பஸ்கள். எங்கு பார்த்தாலும் நீலச் சட்டை, சாம்பல் சட்டை. டீக்கடைப் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெபமணி வேன் நிற்பதற்குள் குதித்தாள். ரோட்டு நடுவில் நின்றுகொண்டு, "ஏ தனா!" என்று கத்தினாள். கூட்டத்தில் பத்து இருபது தலை திரும்பியது. ஒன்றும் அவன் இல்லை.

காலையில் பெஞ்சில் இருந்தவன் எங்கே என்று நான் கேட்டதும் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "மொட்டையா? பின்னாடி கிளாஸ் கழுவிகினு கீறாரு. ரெண்டு டீக்கு அந்த வேலை. காலைல நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து ஆளு ஒரு மாரியா கீறாரு."

கடைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடி கிளாஸ்களை வாளியில் முக்கிக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றி வைத்திருந்தான். ஜெபமணி முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அந்த மொட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு, "ஏ ஐயா, ஏ ஐயா" என்று அழுதாள். அவனும் அழுதான். கிளாஸ் ஒன்று உடைந்தது, டீ மாஸ்டர் சில்லைப் பொறுக்கினார்.

அப்புறம் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"வேல கெடைக்கல அத்தான். சட்டதான் கெடச்சுது."

காண்டிராக்ட் முடிந்தது, ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள், போனை விற்றான். ஊருக்கு வர வழி தெரியாமல் இல்லை, வாசல்படிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ரோட்டில் அத்தனை பேர் பார்க்க நான் சொன்னேன்: "வேல கெடந்துட்டுப் போவுது, கழுத. நான் அன்னைக்குச் சொன்னது தப்புதாம்லே. நீ வெறுங்கையோட வா."

"நீங்க தனியா வந்திருக்கீயன்னு நெனச்சேன்" என்று மூக்கைத் துடைத்தான். "திட்டுததுக்கு."

"திட்டுததுக்கு எவனாவது நானூறு ரூவா டிக்கெட் எடுத்து வருவானா?"

அவன் சிரித்துவிட்டான். குமாருக்கும் டீ மாஸ்டருக்கும் ரெஜினா அக்காவுக்கும் அல்வாவைப் பிரித்துக் கொடுத்தாள் ஜெபமணி. பெரிய துண்டு தம்பிக்கு. நானும் டீ குடித்தேன், பதினைந்து ரூபாய், அன்றைக்கு அதைவிட நல்ல டீ எந்த ஊரிலும் கிடையாது.

மாலை நாலரைக்குப் படப்பையில் பிரிந்தோம். தனராஜ் கொட்டகையில் கைலிக்கும் தன் பழைய சட்டைக்கும் மாறிக்கொண்டான். நீலச் சட்டையை ரெஜினா அக்கா கையோடு வாங்கிக்கொண்டார். "இன்னொருத்தருக்கு ஆவும் சார். ஆனா இனிமே முடி வெட்டினதும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிட்டேன் பாபுவை" என்றார். இரவு ரயிலில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். நான் விழித்துக்கொண்டு வந்தேன்.

ஒரகடத்தோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர் ஒரே ஒரு தெரு. வேலையும் கிடையாது. தனராஜ் இப்போதைக்குச் சும்மாதான் இருக்கிறான், காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான், ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே இருக்கும் பானையில் பிடி அரிசி போடுவது மட்டும் இப்போது என் வேலை. என் கை பெரிசு, சோறு குறைகிறது என்று ஜெபமணி சண்டைக்கு வருகிறாள். வரட்டும்.