மூன்றாம் எண் மூட்டை

பொய் சொல்லத் தெரியாத மனிதரோடு வேலை பார்ப்பதைப் போல ஒரு தலைவலி உலகத்தில் கிடையாது. எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் கோப்பை ராட்டினம் ஓட்டும் அண்ணன் அப்படிப்பட்டவர். "இந்தச் சட்டை எனக்கு எப்படி இருக்கு?" என்று மேலாளர் கேட்டால், "தொப்பை தெரியுது சார்" என்பார். பதினெட்டு வருடமாக அதே ராட்டினம், அதே நாற்காலி. பின்னே, வாய் அப்படி இருந்தால் பதவி உயர்வு வீடு தேடியா வரும்?

நான் அங்கே டிக்கெட் கொடுப்பவள். அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை, ஆனாலும் என் மகளுக்கு அவர்தான் மாமா. பூங்காவில் எல்லோருக்கும் மூட்டை அண்ணன். தினமும் கதவு திறக்கும் முன் ராட்டினத்தில் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, முப்பது சுற்று விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூட்டைகளுக்கு எண் உண்டு. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, எடையையும் 'எப்படி இருந்தது' என்ற குறிப்பையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்ற ராட்டினக்காரர்கள் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தள்ளுவார்கள். இவர் மட்டும் தினமும் நிறுப்பார்.

என் மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு, சுற்றுவது என்றால் உயிர். அவளுக்காக ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டேன், ஆறே மாதத்தில் அதன் கழுத்து முறிந்தது. நன்றாகச் சுற்றிய நாளில் தலை வார விடுவாள், பள்ளி வேனில் ஏறுவாள். சுற்றாத நாளில் செருப்புகூட மாட்ட முடியாது, தலையைக் கொண்டுபோய் சுவரில் முட்டுவாள். பூங்கா நேரத்தில் ஏற்றினால் என்ன என்கிறீர்களா? ஒலிபெருக்கியின் அலறல், வரிசை, தள்ளுமுள்ளு, மூன்று நிமிடத்தில் 'இறங்கு'. அந்தச் சொல்லைக் கேட்டதும் தரையில் படுத்துக் கத்துவாள். சுற்றி நிற்பவர்கள், "பிள்ளை வளர்க்கத் தெரியல" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் மூன்றாம் எண் மூட்டை கிழிந்து மணலெல்லாம் கொட்டிப் போனது. புது மூட்டை கேட்டு அண்ணன் அலுவலகத்துக்கு எழுதினார். கிணற்றில் போட்ட கல்தான். ஒரு மூட்டை குறைகிறதே என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி வேன் வராத ஒரு காலையில் மகளோடு சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்துத் தராசில் நிறுத்தினார்.

"இருபது கிலோ. அச்சு அசலா மூணாம் நம்பர் எடை, தங்கச்சி."

"அண்ணே, அது என் பொண்ணு. மூட்டை இல்ல."

"தெரியும்மா. முதல் பத்து சுத்து மத்த மூட்டைங்க போகட்டும். அடுத்த பத்து நான் போறேன், நீ பட்டனை அழுத்து. எல்லாம் சரியா இருந்தாத்தான் பாப்பா."

அப்படியே செய்தோம். ஒலிபெருக்கி இல்லை, வரிசை இல்லை, 'இறங்கு' என்று சொல்ல ஆளில்லை. அந்த இருபது சுற்றுக்கு அப்புறம் அவளுக்கு முழுசாக முப்பது சுற்று. பிறகு தானே இறங்கி வந்து, என் பையைத் துழாவிச் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். மறுநாளிலிருந்து தினமும் அதே கதை, பள்ளி வேன் பூங்கா வாசலிலேயே அவளை ஏற்றிக்கொள்ளும்.

எட்டு மாதம் நிம்மதியாகத் தலை வாரினேன். அப்புறம் ஒரு காலை, கதவு திறக்கும் முன்பே பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோப்பை ராட்டினத்தின் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். யாரும் படிக்காத ஒன்றை ஒருவர் படித்தால் எப்படியிருக்கும்? மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மூணாம் நம்பர் மூட்டை, இருபது கிலோ. அடுத்த மாசம் இருபது நானூறு. இப்ப இருபத்தொண்ணரை. மணல் எப்படிய்யா வளரும்?"

"ஈரம் சார். மழை பெய்யுதுல்ல" என்றார் மேலாளர்.

"ஈரமா? 'மூட்டைக்குக் காய்ச்சல், மூன்று நாள் வரவில்லை.' இதுவும் ஈரமா?" பக்கத்தைப் புரட்டினார். "'மூட்டைக்கு முன்பல் விழுந்துள்ளது.' 'மூட்டை இன்று இரண்டாம் எண் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்தது.' 'மூட்டை இறங்க மறுத்தது, கூடுதலாகப் பன்னிரண்டு சுற்று.'"

அண்ணனின் வேலை போகும். அதைவிட, சுயநலக்காரிதான் நான், என் மகளின் காலைச் சுற்று போகும். மறுபடியும் அந்தச் சுவர், அந்தத் தலை. பாவி மனுஷா, மூட்டை என்று எழுதத் தெரிந்தவருக்குக் காய்ச்சலை எழுதாமல் விடத் தெரியாதா!

"அந்த மூட்டையை நான் பாக்கணும்" என்றார் ஆய்வாளர்.

அண்ணன் என் மகளைக் கூட்டி வந்து நிறுத்தினார். "இதான் சார்."

"இது குழந்தை."

"ஆமா சார்."

"பதிவேட்டுல மூட்டைன்னு இருக்கு."

"பதிவேட்டுல குழந்தைக்குக் கட்டம் இல்ல சார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாம்பின் கால் பாம்பறியும். எண் போட்ட எதையும் ஓட்டத்தில் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஆய்வாளரின் விதியாம். அண்ணன் இருபது சுற்று ஓட்டிக் காட்டிய பிறகு, ஆய்வாளர் கோப்பையில் என் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் மூட்டைகளுக்குச் செய்வதைப் போலவே அவள் அவருடைய பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். தொப்பையிலும் ஒரு தட்டு தட்டினாள்.

ஐந்தாவது சுற்றில் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தார். பத்தாவதில், "போதும், நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

"முப்பது சுத்து சார், விதி!" என்று அண்ணனும் கத்தினார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அதுவும் தெரியாது. ஆய்வாளர் தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் மகள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சுற்றினாள்.

முடிந்ததும் அவள் சீப்பைத் தேடி என்னிடம் வந்தாள். ஆய்வாளர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மகளுக்குத் தலை வாரினேன். வகிடு கோணலாகப் போனது. அவள் அசையாமல் நிற்பதை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பதிவேட்டைக் குடுங்க" என்றார். எழுதினார். "அம்மா தினமும் கையெழுத்துப் போடணும். முதல் இருபது சுத்து இதே மாதிரி மத்தவங்கதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே போனார்.

நான் எட்டிப் படித்தேன். 'மூன்றாம் எண்: நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பழுது எதுவும் இல்லை. மாற்றத் தேவையில்லை.'

ஐந்து வருடமாக என் மகளைச் சோதித்தவர்கள் எழுதிக் கொடுத்த காகிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. இது வரவில்லை, அது போதாது, இதை மாற்ற வேண்டும். ஒன்றில்கூட இப்படி ஒரு வரி இல்லை. அண்ணன் முன்னாலேயே அழுதேன், வெட்கமாக இல்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.