எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று வரை

பிரிசில்லா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சர். கணவன் சாமிக்கண்ணு செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் ஹெல்பர். கணக்கென்றாலே அவனுக்குக் கசப்பு. "நமக்குப் பொருத்தம் பாத்தவங்கதான் கணக்குல ஃபெயிலு" என்று சிரிப்பான்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. மார்பும் கைகளும் வெந்துபோக, சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஊசி போட்டாலும், கட்டுப் பிரிக்கும்போது அவனால் தாங்க முடியாது. முதல் நாள் அவன் அலறியதில் பிரிசில்லா வெளியே ஓடிவிட்டாள். மறுநாள் ஓடவில்லை. தலைமாட்டில் நின்று, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"என்னப் பாருங்க. மூணு கோடியே முப்பத்தஞ்சு லட்சத்து அம்பதாயிரத்து முன்னூத்தி முப்பத்தாறு. பாதி எவ்ளோ?"

"அடிப்பாவி, இப்பவா?"

"சொல்லுங்க."

கோடியில் தடுமாறி, லட்சத்தில் பிடித்து, அவன் பாதியைச் சொல்வதற்குள் ஒரு கைக்குக் கட்டு மாற்றி முடிந்திருந்தது. அப்புறம் தினமும் அதே எண். பாதி, பாதியில் பாதி. கட்டுப் போடும் நர்ஸும் உதட்டுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்றில் வந்து நின்றான்.

"இது ஒத்தப்படை. மூணால போடவா?"

"எதாலயும் போவாது. பகா எண்."

"இதுக்குத்தான் இத்தினி நாளு இழுத்தடிச்சியா?"

"இல்லீங்க. அந்தப் பெரிய நம்பரு ஒரு நிறைவெண். அத மீதியில்லாம வகுக்கிற சின்ன நம்பர் எல்லாத்தையும் கூட்டுனா, திரும்ப அதே நம்பர் வரும். ஆறு இருக்குல்ல? ஒண்ணு, ரெண்டு, மூணு. கூட்டுங்க."

"ஆறு."

"அதே மாரிதான். ரொம்ப அபூர்வம். ஆறுலேர்ந்து எண்ணுனா இது அஞ்சாவது."

சாமிக்கண்ணு தன் கைக்கட்டுகளைப் பார்த்தான். "துண்டு துண்டாப் போனாலும் கொறையாம வருதா! குடுத்து வச்ச நம்பரு."

மூன்றாவது வாரம் காயத்தில் சீழ் வைத்து, ரத்தத்திலும் கலந்துவிட்டது. ஐசியுவுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே அவன் அம்மா ஆரோக்கியம்மாள் ஜெபமாலையோடு நின்றாள். உள்ளே அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குனிந்து கேட்ட பிரிசில்லாவுக்கு "லட்சத்து" என்பது மட்டும் புரிந்தது. மறுநாள் மதியம் அந்த அசைவும் நின்றுபோனது.

அடக்கம் முடிந்த வாரத்தில், சோற்றைப் பிசைந்தபடி ஆரோக்கியம்மாள் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் எம் புள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தான். என்ன ஜெபம்மா அது?"

ஏதாவது ஒரு ஜெபத்தின் பேரைச் சொல்லியிருக்கலாம். பிரிசில்லாவால் முடியவில்லை.

"ஜெபம் இல்ல அத்தை. கணக்கு. வலி தெரியாம இருக்கட்டும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"படிக்கிறப்ப கணக்குப் புத்தகத்த கெணத்துல போட்டுட்டு வந்தவன்" என்றாள் ஆரோக்கியம்மாள். தட்டை மருமகள் பக்கம் தள்ளினாள். "நீயும் ரெண்டு வாய் சாப்புடு. டியூஷனுக்குப் போவணும்ல."

பிரிசில்லா அந்த மாதம் போகவில்லை. பொங்கல் லீவு முடிந்த பிறகுதான் போனாள். வகுத்தல் பாடத்தை மட்டும் வேறொரு டீச்சரிடம் விட்டுவிட்டாள்.